கோச்சை மாத்து

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அக்கா புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். மதியம் அவர் வீட்டிலேயே போய் உட்கார்ந்து எறா தொக்கு சாப்பிடுவேன். இரண்டு வருஷம் இப்படித்தான் ஓடியது. கேட்பவர்களுக்கு மானங்கெட்ட பிழைப்பாகத் தெரியலாம். எங்கள் பக்கத்தில் யாரும் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கிரவுண்டில் அவர் கோச், வீட்டில் மாமா. கிரவுண்ட் கொருக்குப்பேட்டையில், வீடு கல்மண்டபத்தில். மரியாதையை எங்கே கழற்றி எங்கே மாட்டிக்கொள்வது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

டீம் எங்கள் ஏரியா கிளப்புடையது. ஹார்பரில் லோடு ஏற்றுகிறவன், வெல்டிங் பட்டறைப் பையன், கூரியர் டெலிவரி செய்கிறவன், காலேஜில் அரியர் வைத்திருக்கிறவன் என்று பதினோரு பேர். எல்லாரும் எங்கள் தெருக்களில் பிறந்தவர்கள். சென்னை ஃபுட்பால் லீக்கில் மேல் டிவிஷனில் நாங்கள் ஆடுகிறோம் என்பதைத் தவிர எங்களுக்குப் பீற்றிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதனால் அதை அளவுக்கு மீறிப் பீற்றிக்கொள்வோம். மாமா கோச்சான இரண்டாவது வருஷம் அதற்கும் ஆபத்து வந்தது. ஆட ஆடத் தோற்றோம். பட்டியலில் கடைசியில் இருக்கிற டீம் கீழ் டிவிஷனுக்குப் போகவேண்டும், கடைசியில் இருந்தது நாங்கள்.

கேலரி என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு பக்க கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஐந்து சிமெண்ட் படி. அதற்கும் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி. வண்டி ஹாரன் அடித்தால் ரெஃப்ரி விசில் என்று நினைத்து எங்கள் பையன்களில் ஒருவன் நின்றுவிடுவான். எதிரி டீம் நிற்காது. மேல் படியில் எனக்கும் என் தோஸ்துக்கும் நிரந்தர இடம். தோஸ்து நாற்பதடி கண்டெய்னர் ட்ரைலர் ஓட்டுகிறவன். எண்ணூர் ரோட்டில் மணிக்கணக்கில் வரிசையில் நின்று நின்று அவனுக்கு உலகத்தின் மேலேயே கோபம். நான் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் டாலி கிளார்க், அதாவது வருகிற பெட்டிகளை எண்ணி, எதில் நசுங்கல், எதில் ஓட்டை என்று எழுதுகிறவன். வாரம் பூராவும் குறை கண்டுபிடிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை அதை நான் சம்பளம் இல்லாமல் செய்தேன்.

மாமாவுக்கு வள்ளூர் பக்கம் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி கன்வேயரில் ஷிப்ட் வேலை. வாலிபத்தில் இதே டீமுக்கு ஸ்டாப்பராக ஆடியவர். கோல் காக்கிற கோலிக்கு முன்னால் மதில் மாதிரி நிற்பார்களே இரண்டு பேர், அவர்களில் ஒருவர். முட்டி போய் ஆட்டம் நின்றது. அதற்குப் பிறகு பல வருஷம் பிராக்டிஸ் நடக்கும்போதெல்லாம் போய் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருவார். கடைசியில் சேர்த்துவைத்த லீவையெல்லாம் போட்டு, கோச் படிப்பு படித்து, சர்டிபிகேட்டோடு வந்தார். அதை ஃப்ரேம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கிளப்பில் அவரை கோச்சாக்கிய அன்றைக்கு என்னிடம் சொன்னார்.

"எனக்கு வேற எதுவும் வோணாம்டா. நான் கோச்சா கீற வரைக்கும் இந்த டீமு கீழ எறங்கக் கூடாது. அது போதும்."

அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். அவர் குடிக்கமாட்டார், சீட்டு ஆடமாட்டார், சினிமாவுக்குக்கூடப் போகமாட்டார்.

ஆனால் படிப்பு அவரை என்னவோ செய்துவிட்டது. அதற்கு முன் எங்கள் டீமுக்கு இருந்தது ஒரே ஆட்ட முறை. கோலி பந்தைத் தூக்கி அடிப்பான், அது ரயில்வே லைன் பக்கம் போகாமல் உள்ளே விழுந்தால் சென்டர் ஃபார்வர்டு ஓடுவான். மாமா அதை நிறுத்திவிட்டார். "பின்னாலேர்ந்து கட்டிக்கினு வரணும்" என்றார். கோலி பக்கத்தில் தட்டவேண்டும். ஸ்டாப்பர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரம் விலகி நின்று வாங்கவேண்டும். அவர்கள் திரும்பக் கோலிக்குத் தட்டவேண்டும். டிவியில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். எங்கள் கிரவுண்டில் புல்லைவிடக் கல் அதிகம். பந்து ஒரு கல்லில் பட்டு எழும்பினால் கட்டியதெல்லாம் இடிந்து எதிரி காலில் விழும்.

இதை விளக்க அவருக்கு ஒரு போர்டும் பதினோரு காந்தமும் வேண்டியிருந்தது. போர்டைக் கிளப் கொடுத்தது. காந்தத்துக்கு அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வேளாங்கண்ணி கோயில் கோலி. ஆட்டோவும் அன்னாசிப்பழமும் ஸ்டாப்பர்கள். கத்திரிக்காய் சென்டர் ஃபார்வர்டு. "கத்திரிக்கா எறங்கி வந்து வாங்கணும், ஆட்டோ அகலமா போவணும்" என்று அவர் சொல்லச் சொல்ல பையன்கள் தலையாட்டுவார்கள். கொஞ்ச நாளில் பையன்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. எங்கள் சென்டர் ஃபார்வர்டை இன்றைக்கும் அவன் அம்மாவைத் தவிர எல்லாரும் கத்திரிக்காய் என்றுதான் கூப்பிடுகிறோம்.

மாமாவுக்கு உதவிக்கு இரண்டு பேர். செகண்ட் கோச் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். ஆட்டம் முழுக்க ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பார், யாருக்கும் காட்டமாட்டார். கோலி கோச் அந்தக் காலத்தில் பெரிய கோலி என்று அவரே சொல்லுவார். ஒவ்வொரு கோல் விழும்போதும் "நானா இருந்தா புடிச்சிருப்பேன்" என்பதுதான் அவர் கோலிக்குக் கொடுத்த பயிற்சி.

முதல் வருஷமே ஒரு தடவை தோற்றுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது நான் வாயைத் திறந்தேன். "மாமா, நம்ம கோலிக்குக் கால் ஆட்டம் வராதே, அவன் கால்ல ஏன் பந்த குடுக்கணும்" என்றேன். அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். மூன்றாம் நாள் அக்கா என் யார்டு கேட்டுக்கே வந்து நின்றாள்.

"த பாரு. கிரவுண்டாண்ட நீ இன்னா வோணா கத்திக்கோ, அவரும் ஒண்ணும் நெனைக்கமாட்டாரு. என் வூட்ல சோத்துத் தட்டாண்ட பந்துப் பேச்சு வந்துச்சுன்னா உன் தட்டத் தூக்கி வெளிய வெச்சிருவேன்."

அக்கா சொன்னால் செய்வாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் வஞ்சிரம் விலை பேசினோம், ஃபாதருடைய பிரசங்கம் நீண்டது பற்றிப் பேசினோம், மாமாவின் கன்வேயர் பெல்ட் அறுந்தது பற்றிப் பேசினோம். பந்து என்ற வார்த்தையே அந்த வீட்டில் கிடையாது. நான் அவருக்கு "மாமா, இன்னும் கொஞ்சம் கொழம்பு வுட்டுக்கோங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு காலை "யோவ் சோமாரி, வூட்டுக்குப் போய்யா" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

இத்தனைக்கும் டீமுக்கு என்ன வியாதி என்று எங்கள் ஐந்து படிக்கும் தெரியும். ஸ்டாப்பர்கள் இரண்டு பேரும் மாமா சொன்னபடி ஆளுக்கொரு ஓரம் போய்விடுவார்கள். பந்து எதிரி காலுக்குப் போன பிறகும் திரும்பி வரமாட்டார்கள். ஆட்டோ அந்தக் கோடியில், அன்னாசிப்பழம் இந்தக் கோடியில். நடுவில் வேளாங்கண்ணி கோயில் மட்டும் தனியாக நிற்கும். எதிரிகள் எல்லாரும் அந்த வழியாகத்தான் வந்தார்கள்.

"என் ட்ரைலரு ரிவர்ஸ்லயே போவும்டா அதுல. மிரர்கூடப் பாக்க வோணாம்" என்பான் தோஸ்து.

நாங்கள் அதைப் பற்றி ஆட்டத்துக்கு முன் டீக்கடையில் பேசுவோம், ஆட்டத்தின்போது பேசுவோம், முடிந்த பிறகும் பேசுவோம். செங்கல் துண்டால் சிமெண்ட் படியில் கோடு போட்டுக் காட்டுவோம். அவ்வளவும் எங்களுக்குள். மாமாவுக்கு என்று நாங்கள் அனுப்பியதெல்லாம் வசவுதான்.

எட்டாவது தோல்வியோ ஒன்பதாவதோ, அன்றைக்கு கிளப் செக்ரெட்டரி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தார்ப்பாய் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதாவதுதான் வருவார். தோஸ்து எங்களையெல்லாம் கூட்டித் திட்டம் போட்டான்.

"இன்னிக்கு யாரும் சொம்மா திட்டாதீங்கோ. செக்ரெட்ரி காதுல நறுக்குன்னு வுழணும். கோச்ச மாத்து, அவ்ளோதான். எல்லாரும் ஒண்ணா சொல்லணும்."

ஆட்டம் ஆரம்பித்தது. கத்திரிக்காய் அன்றைக்கு என்ன சாப்பிட்டு வந்தானோ, பிசாசு மாதிரி ஆடினான். ஒரு கோலும் போட்டான். வழக்கம்போல ட்ரைலர் போகிற வழியில் எதிரியும் ஒன்று போட்டான். ஒன்றுக்கு ஒன்று. நாங்கள் கைதட்டிக்கொண்டு "கோச்ச மாத்து, கோச்ச மாத்து" என்று ஆரம்பித்தோம். கைதட்டலோடு சேர்த்துச் சொல்லும்போது "கோச்ச" என்பது தாளத்தில் உட்காரவில்லை. பத்து தடவைக்குள் அது எப்படியோ உதிர்ந்துபோய் "மாத்து, மாத்து, மாத்து" என்று மட்டும் நின்றது. அறுபது எழுபது பேர் ஒரே குரலில் கத்தினோம். எனக்கே புல்லரித்தது.

மாமா திரும்பி எங்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு செகண்ட் கோச்சிடம் ஏதோ சொன்னார். ஆட்டம் நின்ற சமயம் பார்த்து கத்திரிக்காயை வெளியே கூப்பிட்டு வேறு ஒருவனை உள்ளே அனுப்பினார்.

எல்லாரும் எழுந்து நின்று அலறினோம். "யோவ் மாத்தாதே, மாத்தாதே" என்று. அவ்வளவு தூரத்தில் "தாதே" யாருக்குக் கேட்கும். அவர் தலையை ஆட்டிவிட்டு இன்னொருவனை மாற்றினார். நாங்கள் இன்னும் பலமாகக் கத்தினோம். அவர் மூன்றாவது ஆளையும் மாற்றினார். தோஸ்து என் வாயைத் தன் கையால் பொத்தினான். "வுடுடா, இன்னும் கத்துனா கோலியையும் கழட்டிருவாரு" என்றான். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம்.

அன்று மதியம் அக்கா வீட்டில் மாமாவே சட்டத்தை மீறினார். சோற்றைப் பிசைந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"நீங்கோ கத்துனது கேட்டுச்சுடா. கத்திரிக்கா நல்லாத்தான் ஆடிக்கினு இருந்தான்னு எனக்குத் தோணுச்சு. இருந்தாலும் மேல குந்திக்கினு கீறவங்களுக்கு எதனா தெரிஞ்சிருக்கும்னு மாத்திட்டேன். அத்தினி பேரு சொல்றீங்கோ, சொம்மாவா சொல்லுவீங்கோ."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நான் முகத்தைப் பார்த்தேன். எங்கள் மேல் அவருக்கு மரியாதை இருந்தது. அந்த நேரத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவரே கதவைத் திறந்துவிட்டிருந்தார். நான் எறா ஓட்டை உரித்துக்கொண்டிருந்தேன். சமையல்கட்டிலிருந்து அக்கா குரல் வந்தது.

"இன்னா பேச்சு நடக்குது அங்க?"

"ஒண்ணுமில்லமே, எறா நல்லா கீதுன்னு சொன்னேன்" என்றார் மாமா. அதோடு முடிந்தது.

செக்ரெட்டரி காதில் எங்கள் கத்தல் சரியாகவே விழுந்திருந்தது. அடுத்த நாள் என்னையும் தோஸ்தையும் கூப்பிட்டுவிட்டார். "கத்துறத வெச்சிக்கினு நான் கமிட்டியில பேச முடியாது. எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கோச்சு, செகண்ட் கோச்சு, கோலி கோச்சு, மூணு பேரையும் மாத்திறலாம்" என்றார்.

யார் எழுதுவது என்று கேள்வியே வரவில்லை. கேலரியில் பேனா பிடிக்கிற வேலை பார்க்கிறவன் நான் ஒருவன்தான். மாமாவாச்சே என்று ஒரு தடவை முனகினேன். "கிரவுண்ட்ல அவரு உனக்கு கோச்சு தானடா, நீ தான சொல்லுவ" என்றான் தோஸ்து. என் சட்டத்தை என்மேலேயே போட்டான். வீட்டுக்குப் போய் எழுதினேன். எழுத உட்கார்ந்த பிறகு, வெட்கமாக இருக்கிறது சொல்ல, எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. யார்டில் டேமேஜ் ரிப்போர்ட் எழுதுகிற நடையிலேயே எழுதினேன். "மேற்படி பயிற்சியாளர்கள் பொறுப்பில் மேற்படி அணியானது இதுவரை எட்டு ஆட்டங்களில் தோல்வியுற்று, ரசிகர்களாகிய நாங்கள் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளோம்" என்று ஆரம்பித்தேன். மூன்றாவது பாராவில் ஸ்டாப்பர்கள் விலகி நிற்பதையும் நடுவில் விழும் ஓட்டையையும் விவரமாக எழுதினேன். படம்கூடப் போட்டேன். செக்ரெட்டரி படித்துவிட்டு அந்தப் பாராவை மட்டும் பேனாவால் அடித்தார்.

"இதெல்லாம் கமிட்டிக்குப் புரியாது. கெடக்குறது கெடக்கட்டும், மன உளைச்சல் போதும்."

அதை எடுத்துவிட்டு மறுபடி நகல் எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் கடைசியில், யாராலும் படிக்க முடியாதபடி கிறுக்கினேன்.

அந்த வாரமே மூன்று பேரையும் எடுத்துவிட்டார்கள். செகண்ட் கோச் தன் நோட்டைக் கமிட்டியிடம் ஒப்படைத்தார். திறந்து பார்த்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று மட்டும் எழுதியிருந்தாராம். கோலி கோச், தான் கமிட்டியில் இருந்திருந்தால் இதைத் தடுத்திருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா காந்தங்களை ஒரு கவரில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து ஃப்ரிட்ஜில் திரும்ப ஒட்டினார்.

அந்த ஞாயிறு நான் சாப்பிடப் போவதாக இல்லை. பத்து மணிக்கு அக்கா போன் பண்ணினாள். "எறா வாங்கிட்டேன். வருவ இல்ல" என்றாள். அவள் குரலில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. போனேன். மாமா பனியனோடு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் அவரைக் குளித்து முடித்த முகத்தோடு, தூசி இல்லாமல் பார்ப்பது விநோதமாக இருந்தது. சாப்பாடு பாதி ஆனது. பிறகு அவர் சொன்னார்.

"எட்டுன்னு எழுதிகீற. ஒம்போது தோத்துகீறோம்."

கமிட்டி என் மனுவை அவரிடம் காட்டியிருந்தது. அவருடைய கோச் படிப்பு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்ததே நான்தான். என் கையெழுத்து அவருக்குத் தெரியாமல் போகுமா. கடைசி வரியில் கிறுக்கினால் மறைந்துவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், அந்த மாதிரி முட்டாள்தனம் டாலி கிளார்க்குக்குத்தான் வரும்.

"மத்தபடி நல்லா எழுதிகீற. மேற்படி மேற்படின்னு போட்டுகீற பாரு, கவுர்மெண்டு லெட்டரு மாரி கீது" என்றார்.

அக்கா எனக்கு எறாவோடு பொரித்த மீன் துண்டு ஒன்றும் வைத்தாள். தட்டைத் தூக்கி வெளியே வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவள் அதைச் செய்யவில்லை. இன்னொரு துண்டும் வைத்தாள், நான் இரண்டையும் சாப்பிட்டேன்.

புது கோச் வெளி ஏரியாக்காரர். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில். பையன்களிடம் மரியாதையாகப் பேசினார். வந்தவுடன் ஓர் ஆட்டம் ஜெயித்தோம். நாங்கள் படியில் குதித்தோம், என் மனுவால்தான் என்று தோஸ்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அடுத்ததும் ஜெயித்தோம். அதற்கடுத்தது தோற்றோம். கடைசி ஆட்டம் மிச்சம் இருந்தது. டிரா செய்தால் போதும், டிவிஷனில் தங்கிவிடலாம். தோற்றால் கீழே.

அந்தக் காலை கேலரி நிரம்பி வழிந்தது. ஆட்டம் தொடங்கக் கொஞ்சம் முன்னால் படியேறி வந்தது மாமா. பிராக்டிஸுக்குப் போடும் டீ-ஷர்ட் இல்லாமல், பூசைக்குப் போடுகிற சட்டையில். ஐந்து படியும் அப்படியே அடங்கிப்போனது. இரண்டு வருஷமாக யாரைச் சோமாரி என்று கூப்பிட்டோமோ அவர் எங்கள் நடுவில் வந்து நின்றால் எங்கே பார்ப்பது. தோஸ்து துண்டை எடுத்து மேல் படியைத் தட்டிவிட்டான்.

"வா நைனா, இங்க குந்து."

மாமா எனக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஆட்டம் ஆரம்பித்தது. யாரும் கத்தவில்லை. அவர் பக்கத்தில் இருக்கும்போது புது கோச்சைத் திட்டினால் அவரைத் திட்டின மாதிரி, பாராட்டினால் அதைவிட மோசம். அறுபது எழுபது பேர் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கூட்ஸ் வண்டி ஹாரன் மட்டும் கேட்டது.

இருபது நிமிஷம் போயிருக்கும். அந்தப் பாதியில் எங்கள் படிக்கு முன்னால் இருந்த கோலைத்தான் எங்கள் டீம் காத்தது. மாமா முன்னால் குனிந்தார்.

"இன்னாடா இது? ஆட்டோ எங்க கீறான், அன்னாசி எங்க கீறான்? நடுவுல இவ்ளோ தொறந்துகினு கீது?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் எதிரி அந்த வழியாகவே உள்ளே வந்து கோல் போட்டான். மாமா அதைக்கூடக் கவனிக்கவில்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது கோச்சுக்குத் தெரியாதா இது?"

"சைடுலேர்ந்து பாத்தா தெரியாது நைனா" என்றான் தோஸ்து. "ரெண்டு பேரும் ஒரே கோட்டுல நிக்கிறாங்கோ இல்ல? சைடுலேர்ந்து பாக்க ஒட்டிக்கினு கீற மாரி இருக்கும். இங்கேர்ந்து பாத்தாத்தான் தெரியும்."

"எப்பலேர்ந்து இப்டி?"

தோஸ்து கொஞ்சம் தயங்கினான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

"நீ அகலமா போன்னு சொல்லிக் குடுத்தியே, அப்பலேர்ந்து. ரெண்டு வருசமா."

மாமா என் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும் மாமா."

ஒரு தடவை வாயைத் திறந்தேனே, நீங்கள் தட்டில் கை கழுவிவிட்டுப் போனீர்களே என்று சொல்லியிருக்கலாம். அக்கா போட்ட சட்டத்தைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான். ஆனால் அவர் கேட்டபோது எனக்குத் தெரிந்துவிட்டது, அதெல்லாம் காரணம் இல்லை. கத்துவது சுகமாக இருந்தது. சொல்லிவிட்டால் கத்துவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

"ஞாயித்துக்கெழம தவறாம என் வூட்லதானடா துன்ன" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து, பிடிமானத்துக்கு என் தோளிலேயே கை வைத்து, போன முட்டியோடு ஒவ்வொரு படியாக இறங்கினார். கோட்டுக்கு வெளியே கிரவுண்டைச் சுற்றிக்கொண்டு நடந்தார். புது கோச் பக்கத்தில் போய் நின்றார். அவர் யார் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கவேண்டும், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நேராக நின்றார். மாமா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார், பிறகு ஒன்றையொன்று நெருக்கிக் காட்டினார். புது கோச் தலையாட்டினார். உள்ளே பார்த்து ஏதோ கத்தினார். ஆட்டோவும் அன்னாசிப்பழமும் நடுவுக்கு வந்தார்கள். எல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வழியாக ஒருவனும் வரவில்லை. கடைசிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் கத்திரிக்காய் தலையால் ஒன்று போட்டான். ஒன்றுக்கு ஒன்று. விசில் ஊதியதும் கேலரியே சரிந்து கிரவுண்டுக்குள் ஓடியது, தோஸ்து செருப்பை விட்டுவிட்டு ஓடினான். பையன்கள் புது கோச்சைத் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். டீம் கீழே இறங்கவில்லை.

மாமா கோட்டுக்கு வெளியே நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். பையன்கள் தோளில் உட்காரவேண்டிய ஆள் அவர். நான் படியில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.